கொட்டிலடிக் கேள்வி பதில்: உப்புக்கட்டி நக்கியும் செம்மறி ஏன் மெலிகிறது?

சோளகக் காற்று எழும்பிவிட்டது. புதுக்குடியிருப்பில் என் வீட்டுப் படலையடியில் நின்று பார்த்தால் வயல்வெளி முழுக்கக் காய்ந்து செம்பட்டையாய்க் கிடக்கிறது. இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி செம்மறி பற்றியவை. அதிலும் பாதி கனியுப்பு, அதாவது கனியங்கள் சேர்ந்த தீன் உப்பு, பற்றியவை. மாடு, கோழிக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்திருக்கிறேன். எழுதியவர்கள் கோபிக்க வேண்டாம்.

ஒட்டுசுட்டான் வாசகர்: என்னட்டை 18 செம்மறி நிக்குது. வைகாசியோட மேய்ச்சல் முடிஞ்சுது. காலபோக வைக்கலைத்தான் போடுறன். கனியுப்புக் கட்டி கட்டினால் வைக்கல் நல்லாச் செமிக்கும் எண்டு கடையில சொன்னாங்கள். ரெண்டு கட்டி முடிஞ்சுது. கட்டியை நக்குதுகள், வைக்கலை மணந்து பாத்திட்டு விடுகுதுகள். மெலிவும் நிக்கேல்லை. காசு வீணோ அம்மா?

வீணில்லைத் தம்பி. ஆனால் கட்டி தன் வேலையைத் தொடங்க முன்னர் வேறொரு வேலை நடக்க வேண்டும். உங்கள் கொட்டிலில் அது நடக்கவில்லை.

வைக்கோல் நாரை உடைக்கிற சுரப்பு எதுவும் செம்மறியின் உடம்பில் இல்லை. முதல் இரைப்பையில் குடியிருக்கிற நுண்ணுயிர்கள்தான் அதை உடைக்கின்றன. அந்த இரைப்பைச் சாற்றின் ஒரு மில்லிலீற்றரில் ஆயிரம் கோடி பற்றீரியா வரை இருக்கும். நான் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராகச் சேர்ந்த புதிதில் பேராதனைக்கு ஒரு பயிற்சிக்குப் போனேன். விலாவில் துளை போட்டு இறப்பர் மூடி பொருத்திய ஒரு மாடு அங்கே நின்றது. வைக்கோலையும் கிளிசிரிடியா இலையையும் தனித்தனி நைலோன் பைகளில் நிறுத்துக் கட்டி, மூடியைத் திறந்து இரைப்பைக்குள் விட்டோம். இரண்டு நாள் கழித்து எடுத்துக் கழுவி, காயவைத்து, திரும்ப நிறுத்தோம். இலை போட்ட பையில் கொஞ்சம்தான் மிஞ்சியிருந்தது. வைக்கோல் பையில் பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது. அன்றுவரை வைக்கோலை ‘வயிறு நிரப்பும் சாமான்’ என்று மட்டும் நினைத்திருந்த எனக்கு, நிரம்பிய வயிற்றோடு ஒரு ஆடு பட்டினி கிடக்க முடியும் என்பது அந்தப் பையைக் கையில் பிடித்தபோதுதான் விளங்கியது.

நெல் வைக்கோலில் 100 கிராம் தின்றால் 40, 45 கிராம்தான் சமிபாடடையும். மிச்சம் புழுக்கையாய் வெளியே வரும். நாரை இறுக்கிப் பிடித்திருக்கிற இலிக்னின் ஒரு காரணம். நெல்லுக்கென்றே இன்னொன்று உண்டு, சிலிக்கா. மற்றத் தானியங்களில் தண்டைவிட இலை நன்றாய்ச் செமிக்கும். நெல்லில் சிலிக்கா இலையில்தான் கூடுதலாய்ச் சேர்கிறது. அதனால் தண்டுதான் மேல். இதை எங்கள் ஆட்கள் பெரிதாய் எடுப்பதில்லை. வெட்டு மெஷின் விட்டுப்போகிற அடித்தாள் நல்ல தீன். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்ததும் வயற்காரரிடம் கேட்டு ஆட்டை இறக்குங்கள். இராவில் அங்கேயே பட்டி அடைத்தால் அவருக்கும் எரு. கொட்டுண்ட நெல் குவிந்து கிடக்கிற இடத்தில் மட்டும் விடாதீர்கள். ஒரே மூச்சில் நெல்லைத் தின்ற ஆட்டின் வயிறு புளித்து ஆடே போய்விடும்.

இனி உங்கள் கட்டி. நுண்ணுயிர்கள் பெருக முதலில் வேண்டியது நைதரசன், அதாவது புரதம். தீனில் 7 வீதமாவது புரதம் இல்லாவிட்டால் அவை சோர்ந்துபோகும். வைக்கோலில் இருப்பது 3, 4 வீதம். கந்தகம், பொசுபரசு, மக்னீசியம், கோபால்ட் எல்லாம் அவற்றுக்குக் கட்டாயம் தேவைதான். ஆனால் களை பிடுங்க வந்த ஆட்களுக்கு இலையில் உப்பை மட்டும் வைத்துச் சோறு போடாமல் விட்டால் வேலை நடக்குமா? கனியுப்பு இலிக்னினை உடைக்காது. நுண்ணுயிருக்குக் குறைவாயிருந்த கனியத்தைக் கொடுத்தால் சமிபாடு கூடும். குறைவில்லாத கனியத்தை எவ்வளவு கொடுத்தாலும் ஒன்றும் கூடாது. கடைக்காரர் சொன்னது பாதி உண்மை.

வேலியில் நிற்கிற கிளிசிரிடியாவை வெட்டுங்கள். காய்ந்த நிறையில் 20 வீதத்துக்கு மேல் புரதம் உள்ள இலை அது. பச்சையாய்ப் போட்டால் மணத்துக்கு முகத்தைத் திருப்பும். காலையில் வெட்டி நிழலில் வாடவிட்டு அடுத்த நாள் போடுங்கள். முதல் வாரம் ஆட்டுக்கு ஒரு கைப்பிடி, பிறகு மெல்ல மெல்ல ஒரு கிலோ வரை கூட்டலாம். 18 ஆட்டுக்கு நாளுக்கு 18 கிலோ என்றால் ஒரு வளவு வேலி ஆவணி வரை தாங்காது, எனக்குத் தெரியும். அப்படியானால் சினை மறிகளுக்கும் பால் கொடுக்கிறவைக்கும் முதலில் போடுங்கள், கிடாய்கள் பொறுக்கும். பூவரசு, முருங்கை, அகத்தி எது கிடைத்தாலும் சேருங்கள். இப்பில் இப்பில் மரத்து இலை இருந்தால் தீனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். அதிலுள்ள மிமோசின் மயிரைக் கொட்டவைக்கும்.

தண்ணீரையும் பாருங்கள். வைக்கோல் தின்கிற ஆடு இந்த வெயிலில் மூன்று, நான்கு லீற்றர் குடிக்கும். வாளியில் பாசி பிடித்திருந்தால் குடிக்காது, குடிக்காவிட்டால் வைக்கோலையும் தொடாது. ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கைப்பிடி ஆனையிறவு உப்பைக் கரைத்து வைக்கோலுக்குத் தெளித்துப் பாருங்கள், மணந்துவிட்டுப் போகிறவை வாய் வைக்கும்.

இரண்டு வாரம் கழித்துப் புழுக்கையைப் பாருங்கள். வெறும் வைக்கோலில் அது சின்னதாய், கருங்கல்லு மாதிரி இருக்கும். இலை சேர்ந்ததும் பெருத்து, ஈரப்பிடிப்பாய் வரும். அதிலேயே உங்களுக்கு விடை தெரியும்.

இதற்கெல்லாம் முன் கீழ் இமையை விரித்துப் பாருங்கள். உட்பக்கம் வெளிறி, தாடைக்குக் கீழ் வீக்கமும் இருந்தால் அது இரத்தம் குடிக்கிற குடற்புழு. அதற்கு எந்தக் கட்டியும் மருந்தில்லை, மிருக வைத்தியரிடம் போங்கள்.

நெடுங்கேணி வாசகி: கறவை மாட்டுக்கு வாங்கின கனியுப்புப் பக்கற் அரைவாசி மிஞ்சிக் கிடக்கு. ‘ஆடு, மாடுகளுக்கு’ எண்டுதான் போட்டிருக்கு. ஏழு செம்மறி நிக்குது. தவிட்டோட கலந்து குடுக்கட்டோ?

வேண்டாம் தங்கச்சி. இந்தக் கேள்விக்காகவே இந்த மாதப் பக்கத்தை முழுதாய்ச் செம்மறிக்கு ஒதுக்கினேன்.

2010 இல் மீளக்குடியேறி வந்தபோது இந்த வளவில் ஒரு கிணறும் நான்கு தென்னையும் தவிர ஒன்றுமில்லை. இரண்டு ஆண்டு சேர்த்த காசில் 14 செம்மறி வாங்கினேன். இரண்டு கிடாய், மற்றதெல்லாம் மறிகள். அந்த ஆண்டு கோடை கடுமை. மெலிகின்றனவே என்று பசுவுக்கு வைத்திருந்த கனியுப்பில் ஆளுக்கொரு தேக்கரண்டி, ஒவ்வொரு நாளும், வைகாசியிலிருந்து ஆவணி வரை கொடுத்தேன். நன்றாய்த்தான் நின்றன. ஆவணியில் ஒருநாள் தீன் தேடி நெடுந்தூரம் நடத்தி ஒரு குளத்தின் அலைகரைக்குக் கொண்டுபோனேன். அடுத்த நாள் காலை ஒரு மறி கூட்டத்தை விட்டு விலகித் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. கண் மஞ்சள். மூத்திரம் வெறுந்தேத்தண்ணி நிறம். பின்னேரம் விழுந்தது. அந்தக் கிழமைக்குள் மூன்று போயின. அதில் ஒன்று இரட்டைக் குட்டி வயிற்றோடு. வைத்தியர் வெட்டிப் பார்த்தபோது ஈரல் மஞ்சளாகவும் சிறுநீரகம் கறுத்தும் இருந்தது. “என்ன கனியுப்பு குடுத்தனீங்கள்?” என்று கேட்டார். பக்கற்றை எடுத்துக் கொடுத்தேன். பல ஆண்டு மற்றவர்களுக்கு ஆடு வளர்ப்புச் சொல்லிக்கொடுத்த நான், அந்தப் பக்கற்றின் பின்பக்கத்தை அன்றுதான் முழுதாய் வாசித்தேன்.

செம்பு. செம்மறிக்கும் அது வேண்டும், ஆனால் துளி. மாடு தன் தீனில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் செம்பு வரை தாங்கும். செம்மறிக்கு 15 தாண்டினாலே ஆபத்து தொடங்குகிறது. செம்பு உடம்பில் சேராமல் தடுக்கிற மொலிப்டினம் தீனில் குறைவாயிருந்தால் இன்னும் விரைவாய். மாடு மிச்சச் செம்பைக் கழித்துவிடும். செம்மறியின் ஈரல் அதை விடாமல் சேர்த்து வைக்கும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு நீள நடை, ஒரு லொறிப் பயணம், ஒருநாள் பட்டினி, ஏதோ ஒரு அலுப்பு வந்ததும் ஈரல் முழுவதையும் இரத்தத்துக்குள் கொட்டிவிடும். சிவப்பணுக்கள் உடைந்துபோகும். அதன்பிறகு பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள்தான்.

வெள்ளாடு மாட்டைப்போலத் தாங்கும். இங்கேதான் எங்கள் சொல்லே எங்களைப் பிழையான வழியில் விடுகிறது. ‘ஆடு’ என்றால் எங்களுக்கு வெள்ளாடும் ஆடு, செம்மறியும் ஆடு. பக்கற்றில் ‘ஆடு’ என்று போட்டிருந்தால் செம்மறிக்கும் சேர்த்துத்தான் என்று எடுத்துவிடுகிறோம். ‘செம்மறிக்கு’ என்று தனியாய் எழுதியிருக்கிறதா, செம்பு எவ்வளவு என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தொடாதீர்கள். இரண்டையும் ஒரே கொட்டிலில் வளர்க்கிறவர்கள் கனியுப்பைச் செம்மறியின் அளவுக்கே பார்த்து வாங்குங்கள். கோழித்தீன் மிச்சம், பன்றித்தீன், கோழிக்கூட்டு எரு ஒன்றையும் செம்மறிக்கு வைக்க வேண்டாம், அவற்றிலும் செம்பு கூடுதலாய் இருக்கலாம்.

ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே நிறுத்திவிட்டு அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் பக்கற்றோடு போங்கள். ஈரலில் சேர்ந்த செம்பைக் குறைக்க வழி இருக்கிறது, ஆனால் கண் மஞ்சளாகும் முன் போக வேண்டும். அதுவரை ஆடுகளைத் தூரம் நடத்தாதீர்கள்.

முள்ளியவளை வாசகர்: என்ர செம்மறி மண்ணை நக்குது, எலும்பு கண்டால் கடிக்குது, சொப்பிங் பையைக்கூட விடுகுதில்லை. பேய்க்குணமோ எண்டு வீட்டில கேக்கினம்.

பேயுமில்லை, குணமுமில்லை ஐயா; உடம்பு எதையோ தேடுகிறது. உப்புக் குறைவு, பொசுபரசுக் குறைவு, வெறும் நார்ப்பசி, குடற்புழு எதுவும் காரணமாகலாம். கோடையில் காய்ந்த புல்லிலும் வைக்கோலிலும் பொசுபரசு மிகக் குறைவு. தென்னாபிரிக்காவில் மாடுகள் எலும்பு கடித்துச் செத்துக்கொண்டிருந்த காலத்தில், ஆர்னோல்ட் தைலர் என்ற மிருக வைத்திய விஞ்ஞானி 1920களில் அதன் காரணத்தைக் கண்டுபிடித்தார். மேய்ச்சல் நிலத்தில் பொசுபரசு இல்லை, அதனால் எலும்பைத் தேடுகின்றன. எலும்பில் ஒட்டிய அழுகலில் ஊறிய நஞ்சு கொல்கிறது. அங்கே எலும்புத் தூளைத் தீனோடு கொடுத்ததும் கடிப்பது அடங்கியது.

தீன் கடையில் டி.சி.பி. என்று கேளுங்கள், டைகல்சியம் பொசுபேற்று. அதில் ஒரு பங்கு, சாதாரண உப்பு ஒரு பங்கு, கலந்து மழை, பனி படாத மரப்பெட்டியில் வைத்தால் ஆடு தானே வந்து நக்கும். ஆட்டுக்கு நாளுக்குச் சராசரி 10 கிராம் கணக்கு வைத்துக்கொள்ளலாம். பல நாள் உப்புக் காணாத ஆடுகளானால் முதல் சில நாள் அளந்து வையுங்கள், பக்கத்தில் தண்ணீர் கட்டாயம் இருக்க வேண்டும்.

தின்ற பை வயிற்றுக்குள்ளேயே கிடக்கும், செமிக்காது, பெரும்பாலும் வெளியேயும் வராது. மேய்க்கிற பாதையில் கிடப்பதைப் பொறுக்கிக்கொண்டு போவதைவிட வேறு மருந்து எனக்குத் தெரியாது. நான் மேய்க்கப் போகையில் ஒரு உரப்பை கொண்டுபோவேன், திரும்பி வர நிறைந்திருக்கும்.

முசலி வாசகர்: ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒன்பது கிடாய் கொழுக்க வைக்கிறேன். தவிடு தாராளமாகக் கொடுக்கிறேன். ஒரு கிடாய் முக்கி முக்கி நிற்கிறது, மூத்திரம் சொட்டுச் சொட்டாக வருகிறது. கனியுப்புக் குறைவா?

குறைவில்லைத் தம்பி, கூடுதல். அந்தக் கிடாயை இன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். நாளைவரை பொறுத்தால் மூத்திரப்பை வெடிக்கலாம். சில கிடாய்களில் ஆணுறுப்பு நுனியில் புழுப்போல நீண்டிருக்கிற பகுதியில் கல் அடைத்திருக்கும், வைத்தியர் அதை வெட்டிவிட்டால் வழி திறக்கும். நீங்கள் செய்து பார்க்க வேண்டாம்.

தவிட்டில் பொசுபரசு மிக அதிகம், கல்சியம் மிகக் குறைவு. தீன் முழுவதிலும் கல்சியம் இரண்டு பங்கு, பொசுபரசு ஒரு பங்கு என்ற அளவில் இருந்தால்தான் கிடாய்க்குச் சுகம். நீங்கள் கொடுப்பது தலைகீழாய் இருக்கிறது. எனவே மேலே முள்ளியவளை ஐயாவுக்குச் சொன்ன டி.சி.பி. உங்கள் கிடாய்களுக்கு வேண்டாம். தவிட்டைக் குறைத்து, தீனுக்கான சுண்ணாம்புக்கல் மாவு கலவுங்கள், அளவை வைத்தியரிடமே கேளுங்கள். உப்பும் கொஞ்சம் சேருங்கள், நிறையத் தண்ணீர் குடிக்கும். வைக்கோலும் இலையும் முன்னால் எப்போதும் கிடக்கட்டும். அசை போட்டால் உமிழ்நீர் ஊறும். அந்த உமிழ்நீரோடு உடம்பின் பொசுபரசு வயிற்றுக்குத் திரும்பி, புழுக்கையோடு வெளியேறும். மூத்திரத்தில் போய்க் கல்லாகாது.

கிளிநொச்சி மாணவி: உயர்தரத்தில் விவசாய விஞ்ஞானம் படிக்கிறேன். செம்மறிக்கு விற்றமின் பி12 கொடுப்பதற்குப் பதிலாகக் கோபால்ட் கொடுப்பது ஏன் மிஸ்?

பி12 இன் நடுவில் இருக்கிற அணுவே கோபால்ட்தான் பிள்ளை. இரைப்பை நுண்ணுயிர்களுக்குக் கோபால்ட் கிடைத்தால் அவையே பி12 ஐச் செய்துவிடும். தீனில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் அளவு போதும். தென் ஆஸ்திரேலியாவின் கரையோரச் சுண்ணாம்பு மணல் நிலங்களில் புல் நிறைய இருந்தும் செம்மறிகள் மெலிந்து மெலிந்து செத்தன. கோபால்ட் குறைவுதான் காரணம் என்று 1935 இல் கண்டார்கள். பி12 பிரித்தெடுக்கப்பட்டது 1948 இல்தான். அதாவது, ஏன் என்று முழுதாய்த் தெரிய முன்னரே ஆடுகளைக் காப்பாற்றத் தெரிந்துவிட்டது. ஆடு விழுந்த பிறகு ஊசி, விழாமலிருக்கக் கோபால்ட்.

துணுக்காய் வாசகர்: யூரியா போட்டு வைக்கல் பதப்படுத்தினனான். மேலே கறுப்பாய்ப் பூஞ்சணம் பிடிச்சிட்டுது. எங்கே பிழை?

மூடியதில் பிழை. அளவு எல்லோருக்கும் பயன்படும் என்பதால் திரும்பச் சொல்கிறேன்: 25 கிலோ காய்ந்த வைக்கோல், 1 கிலோ யூரியா, 25 லீற்றர் தண்ணீர். யூரியாவை முழுதாய்க் கரைத்துப் படைபடையாய்த் தெளித்து, ஏறி நின்று மிதித்து, தறப்பாளால் காற்றுப் புகாமல் மூடி, ஓரத்துக்கு மண் போட்டு மூன்று வாரம் விட வேண்டும். யூரியாவிலிருந்து எழும் அமோனியாதான் நாரை இளக்குகிறது. பூஞ்சணத்தையும் அதுதான் தடுக்கிறது. தறப்பாளில் ஒரு ஓட்டை இருந்தாலும் அமோனியா அதால் போய்விடும். யுத்த காலத்துப் பழைய தறப்பாள் ஒன்றும் இப்போது ஓட்டையில்லாமல் இல்லை. வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு விரியுங்கள்.

இலங்கையில் 1980களிலேயே இதை விரிவாய் ஆராய்ந்தார்கள். சமிபாடும் கூடும், ஆடு தின்கிற அளவும் கூடும். ஆனால் யூரியா நைதரசனை மட்டும்தான் தருகிறது, கந்தகத்தைத் தராது. பத்துப் பங்கு நைதரசனுக்கு ஒரு பங்கு கந்தகமாவது இருந்தால்தான் நுண்ணுயிரால் அதைப் புரதமாக்க முடியும். கந்தகம் சேர்ந்த கனியுப்புக் கட்டிக்கு முழு வேலையும் இந்த இடத்தில்தான். ஒட்டுசுட்டான் தம்பிக்கும் இது பொருந்தும். கட்டியிலேயே யூரியா கலந்திருந்தால் மட்டும் அதை இந்த வைக்கோலோடு கட்டாதீர்கள்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்குப் போட வேண்டாம். திறந்ததும் போடாமல் ஒரு இரவு காற்றாடவிட்டு, கண்ணெரிகிற மணம் போனபின் போடுங்கள். கரைத்த வாளியை ஆடு எட்டுகிற இடத்தில் வைக்காதீர்கள். மிச்சத் தண்ணீரை ஒரு ஆடு குடித்தாலே போதும், அரை மணித்தியாலத்தில் விழும்.

பூஞ்சணம் பிடித்த மேற்படையை ஒரு சாண் ஆழத்துக்கு வழித்து எடுங்கள். கீழே மஞ்சளாய், அமோனியா மணத்தோடு இருப்பது நல்லது, அதைப் போடலாம். வழித்ததைக் கழுவியோ காயவைத்தோ ஆட்டுக்குக் கொடுக்க வேண்டாம். தென்னையடியில் தாழ்த்துவிடுங்கள்.